ஆயில் குடிக்கும் கார்

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவரிடம் "என்ன மைலேஜ் குடுக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார், இல்லாவிட்டால் பேச்சை மாற்றுவார். நம் ஊரில் கார் வாங்கியவனிடம் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். அந்தக் காரைப் பொறுத்தவரை அது கேட்கக்கூடாத கேள்வி.

இரண்டு தடவைக்கு ஒரு தடவை பெட்ரோல் போடும்போது பானட்டைத் திறந்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயில் குறைந்திருக்கும். லீக் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை உள்ளே விட்டு எரிக்கும்படியே அந்த எஞ்சினைச் செய்திருக்கிறார்கள். குளிர்ந்து கிடக்கும் வண்டியை ஸ்டார்ட் செய்து, கேட்டிலிருந்து ஷெட்டுக்கு நகர்த்தி, உடனே அணைத்துவிடக் கூடாது. உள்ளே பெட்ரோல் தேங்கி, அடுத்த முறை கிளம்பாமல் மக்கர் செய்யும். அப்புறம், தினம் ஒரு தடவையாவது மீட்டரில் சிவப்புக் கோடு வரை முறுக்கிவிட வேண்டும் என்பது அந்த வண்டிக்காரர்களின் வேதவாக்கு. அந்தக் கோடு 9,000 ஆர்பிஎம்மில் இருக்கிறது. இத்தனையும் சொல்லிவிட்டு, "ஆனா இந்த மாதிரி ஒரு வண்டி கிடையாது சார்" என்று முடிப்பார்கள்.

கார் வாங்குகிற யோசனை இல்லாதபோதும் கார் வைத்திருப்பவர்களின் பேச்சைக் கேட்பது எனக்குப் பிடிக்கும். டொயோட்டாக்காரர்கள் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். "ஓடுது சார், ஒரு தொல்லையும் இல்ல." அதற்கு மேல் சொல்ல அவர்களுக்கு ஒன்றுமில்லை. மாஸ்டாக்காரர்களைத்தான் நிறுத்த முடியாது. குறையும் பெருமையும் ஒரே மூச்சில் வரும். இதென்ன பைத்தியம் என்று நூல் பிடித்துக்கொண்டு போனால் அது ஹிரோஷிமாவில் போய் நிற்கிறது.

1920இல் அந்த ஊரில் தக்கை செய்கிற கம்பெனியாகத்தான் மாஸ்டா தொடங்கியது. மறுவருடம் பொறுப்பேற்ற ஜூஜிரோ மட்சுடா மீனவக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே ஒசாகாவுக்குப் போய்ப் பட்டறையில் இரும்படித்துத் தொழில் கற்றவர். அவருக்குத் தக்கை போதவில்லை. இயந்திரங்கள் பக்கம் நகர்ந்து, 1931இல் மூன்று சக்கர சரக்கு வண்டி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். முன்பாதி மோட்டார் சைக்கிள், பின்பாதி சாமான் ஏற்றும் பெட்டி. ரொம்ப காலம் அதுதான் கம்பெனிக்குச் சோறு போட்டது.

1945 ஆகஸ்ட் 6 மட்சுடாவின் எழுபதாவது பிறந்தநாள். அன்று காலை எட்டேகாலுக்கு நகரின் மேல் குண்டு விழுந்தது. தொழிற்சாலை நகர மையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் போலத் தள்ளி ஃபுச்சூவில் இருந்தது. நடுவில் ஹிஜியாமா என்ற சிறு குன்று. கூரைகளும் கண்ணாடிகளும் போயின, கட்டடங்கள் நின்றன. நகருக்குள் வேலையாகப் போயிருந்த ஆட்கள் பலர் திரும்பவில்லை. காயம்பட்டவர்கள் ஃபுச்சூவை நோக்கி நடந்து வந்தார்கள். மாகாண அரசு அலுவலகத்துக்கு இடமில்லாமல் போகவே, மறுவருடம் பாதி வரைக்கும் அது மட்சுடாவின் தொழிற்சாலைக்குள் குடியிருந்தது. அந்த டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டிகள் மறுபடி வெளியே வரத் தொடங்கின. இடிந்த ஊரைக் கட்ட மண்ணும் மரமும் சுமக்க வண்டி வேண்டுமே.

அந்தச் சமயத்தில் போர் முடிந்து ஊர் திரும்பியவர்களில் கெனிச்சி யமமோட்டோ என்ற இளைஞர் ஒருவர். தங்கை குண்டில் போய்விட்டாள். டோக்கியோவில் எஞ்சினியரிங் படித்தவர், மட்சுடாவின் ஆலையில் மூன்று சக்கர வண்டிக்குக் கியர்பாக்ஸ் மாட்டுகிற தொழிலாளியாகச் சேர்ந்தார். ஆர்எக்ஸ்-8காரர்கள் ஆயில் பார்க்க வேண்டியிருப்பதற்கு இவர்தான் காரணம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஜப்பானிய அரசு, நாட்டில் கார் கம்பெனிகள் அதிகமாகிவிட்டன, சிறியவற்றைப் பெரியவற்றோடு சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டது. டோயோ கோக்யோ (கம்பெனியின் அன்றைய பெயர் அது, மாஸ்டா என்று மாறியது 1984இல்) அப்போதுதான் ஆர்360 என்ற குட்டிக் காரை 3,00,000 யென்னுக்கு விற்று நிமிர்ந்திருந்தது. யாரிடமும் இல்லாத ஒன்று தன்னிடம் இல்லாவிட்டால் விழுங்கிவிடுவார்கள் என்று ஜூஜிரோவின் மகன் ட்சுனேஜி பயந்தார். 1961இல் ஜெர்மனியின் என்எஸ்யூ கம்பெனியிடம் போய், ஃபெலிக்ஸ் வாங்கல் கண்டுபிடித்த ரோட்டரி எஞ்சினுக்கு உரிமம் வாங்கிவந்தார்.

வழக்கமான எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். இதில் பிஸ்டன் கிடையாது. இடுப்பு ஒடுங்கிய நீள்வட்ட அறை ஒன்று. ஆட்டுக்கல்லுக்குள் குழவி சுற்றுவதுபோல அதற்குள் முக்கோண வடிவச் சுழலி உருண்டு சுற்றும். முக்கோணத்தின் மூன்று முனைகளும் எந்நேரமும் சுவரைத் தொட்டபடியே இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் பெட்ரோலும் காற்றும் உள்ளே வர, இன்னொரு பக்கத்தில் எரிய, மூன்றாவது பக்கத்திலிருந்து புகை வெளியேறும். பாகங்கள் குறைவு, எடை குறைவு, அதிர்வு இல்லவே இல்லை என்று சொல்லலாம். சிக்கலெல்லாம் அந்த மூன்று முனைகளில். அங்கே செருகியிருக்கும் மெல்லிய சீல் கொஞ்சம் தேய்ந்தாலும் அழுத்தம் கசிந்து எஞ்சின் செத்துப்போகும்.

வாங்கிவந்த எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் புகை கக்கியது. பிரித்தால் உட்சுவர் முழுக்க வரிவரியாகக் கீறல்கள். ஹிரோஷிமா ஆட்கள் அதற்குச் சாத்தானின் நகக்கீறல் என்று பெயர் வைத்தார்கள். 1963இல் இதற்கென்றே ஒரு பிரிவு தொடங்கி யமமோட்டோவைத் தலைவராக்கினார்கள். அவரோடு சேர்த்து 47 பேர். எஜமானுக்காக உயிர் கொடுத்த 47 சாமுராய்களின் கதை ஜப்பானில் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பெயரே இவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. தூக்கத்திலும் ரோட்டரியையே நினையுங்கள் என்று யமமோட்டோ சொல்லியிருந்தாராம். சீலை எதெதிலோ செய்து பார்த்தார்கள். கடைசியில் கார்பனோடு அலுமினியம் கலந்து செய்தது நின்றது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் வெளிவந்தது. இன்றைக்கும் அதன் படத்தைப் பார்த்தால் விண்கலத்துக்கு யாரோ டயர் மாட்டியதாகத் தோன்றும். மொத்தம் செய்தது 1,176 கார்கள்தான்.

அதே 1967இல் என்எஸ்யூவும் தன் ரோட்டரி காரான ஆர்ஓ 80ஐ விற்கத் தொடங்கியது. அதன் சீல்கள் தேய்ந்தன. வாரண்டியில் எஞ்சின் மாற்றிக் கொடுத்தே கம்பெனி ஓய்ந்து, இரண்டு வருடத்தில் ஆடியோடு இணைக்கப்பட்டது. கண்டுபிடித்த வீட்டில் அணைந்த அடுப்பு ஹிரோஷிமாவில் எரிந்துகொண்டிருந்தது.

அதுவும் ரொம்ப நாள் இல்லை. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்காவில் ரோட்டரி கார்களை மாஸ்டா மும்முரமாக விற்றுக்கொண்டிருந்தது. அரசாங்கச் சோதனையில் அவை லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்கூடத் தேறவில்லை. பெட்ரோல் பங்க்கில் வரிசை நீளும் நாட்டில் இந்த வண்டியை யார் வாங்குவான்? கார்கள் துறைமுகங்களில் தேங்கின. சுமிட்டோமோ வங்கி உள்ளே வந்து கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தது. ஆட்களை வேலையைவிட்டு அனுப்புவதற்குப் பதில் தொழிற்சாலைத் தொழிலாளிகளை ஷோரூம்களுக்குக் கார் விற்க அனுப்பினார்கள். ட்சுனேஜியின் மகன் 1977இல் நாற்காலியை விட்டு இறங்க நேர்ந்தது. 1979இல் ஃபோர்டு நாலில் ஒரு பங்கை வாங்கியது.

எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இதோடு ரோட்டரிக்குத் தலைமுழுகியிருக்கும். இவர்கள் 1978இல் ஆர்எக்ஸ்-7 கொண்டுவந்தார்கள். பெரிய கார்களில் ரோட்டரி எடுபடாது, லேசான ஸ்போர்ட்ஸ் காரில் எடுபடும் என்ற புத்தி அப்போது வந்திருந்தது. 1991இல் பிரான்சின் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 787பி என்ற ஆரஞ்சும் பச்சையுமான கார் 362 சுற்று ஓடி முதலில் வந்தது. அங்கே வென்ற முதல் ஜப்பானியக் கார். அடுத்த ஜப்பானிய வெற்றிக்கு டொயோட்டா 2018 வரை காத்திருந்தது. கடைசியில் ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் உடம்பில் நீர் வற்றிப்போய் மேடைக்கே வர முடியவில்லை. மாஸ்டா ஜெயித்ததால்தான் ரோட்டரியைத் தடை செய்தார்கள் என்று ரசிகர்கள் இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள். அது கட்டுக்கதை. விதிகளை மாற்றும் முடிவு பந்தயத்துக்கு முன்பே எடுத்தாகிவிட்டது.

இந்தியாவில் மாஸ்டா கார் விற்றதில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் எண்பதுகளில் பஞ்சாபில் செய்து வந்த ஸ்வராஜ் மாஸ்டா. ஸ்கூல் வேன், கல்யாண வேன், சரக்கு வண்டி என்று ஓடியது, டீசலில், ஒரு தத்துவமும் இல்லாமல். இலங்கைத் தமிழர்களுக்கு ஃபமிலியா கார் பழக்கம். ரோட்டரிப் பைத்தியம் இந்த இரண்டு பக்கமும் அவ்வளவாகப் பரவவில்லை, பெட்ரோல் விலையை நினைத்தால் புரிகிறது.

என்னைக் கேட்டால் மாஸ்டா செய்ததிலேயே நல்ல கார் ரோட்டரியில் ஓடுவது இல்லை. எழுபதுகளின் கடைசியில் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் யமமோட்டோவிடம், பழைய பிரிட்டிஷ் கார்கள் மாதிரி கூரை திறக்கும் சின்ன வண்டி ஒன்று செய்யுங்களேன் என்றார். பிற்பாடு அவரே மாஸ்டாவில் சேர்ந்தார். யமமோட்டோ 1984இல் கம்பெனித் தலைவரானார். 1989இல் எம்எக்ஸ்-5 வந்தது. சாதாரண நாலு சிலிண்டர் எஞ்சின், பின்சக்கர இழுவை, இரண்டே சீட். பிரிட்டிஷ் கார்களின் சந்தோஷம் இருந்தது, ரோட்டில் நின்றுபோகிற வழக்கம் மட்டும் இல்லை. 2016இல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே அதிகம் விற்றது இதுதான்.

மெல்போர்னில் இருக்கும் என் சித்தி மகன் ஒன்று வைத்திருக்கிறான். உட்கார்ந்த இடத்திலிருந்தே கொக்கியை விடுவித்து, ஒரே கையால் கூரையைப் பின்னால் தள்ளி அமுக்கினால் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்துகொள்ளும். சிக்னல் பச்சையாவதற்குள் முடிந்துவிடும். மோட்டார் இல்லை, ஸ்விட்ச் இல்லை. "அண்ணே, அரிசி மூட்டை வாங்கப் போனா அவ வர முடியாது, அவ வந்தா அரிசி வராது" என்றான். விற்றுவிடேன் என்றேன். அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

ரோட்டரிக்காரர்களின் வருத்தமும் நியாயம்தான். ஆர்எக்ஸ்-8 எஞ்சின்கள் சீக்கிரம் அழுத்தம் இழப்பதாகப் புகார்கள் குவிந்தபோது, அமெரிக்காவில் மாஸ்டா எஞ்சினுக்கு மட்டும் வாரண்டியை எட்டு வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் என்று நீட்டிக் கொடுத்தது. தானே தவறை ஒப்புக்கொண்டதற்குச் சமம். 2012இல் அந்தக் காரும் நின்றது. சாதாரண மாஸ்டாக்களிலும் புகார் இல்லாமலில்லை. உப்பு தூவும் பனி ஊர்களில் பழைய மாஸ்டா 3 வைத்திருந்தவர்கள் பின்சக்கர வளைவில் துருப் பிடித்த கதையைத்தான் முதலில் சொல்வார்கள். மாஸ்டாவின் அழகான சிவப்பு பெயிண்டில் கல் தெறித்தால் அதே நிறம் கொண்டுவர ஆகும் செலவு அடுத்த கதை. ஆனால் ஒன்று: எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறைக்கும் ஆர்எக்ஸ்-7க்கும் கிடைக்காமல் போன பாகங்களைக் கம்பெனியே ஜப்பானில் மறுபடி செய்து கொடுக்க ஆரம்பித்திருக்கிறது. முப்பது வருடப் பழைய காருக்கு ஸ்டியரிங்கும் கூரைத் துணியும் புதிதாகச் செய்து தருகிற கம்பெனியை அவ்வளவு சீக்கிரம் திட்டிவிட முடியாது.

ரோட்டரியும் 2023இல் திரும்பி வந்தது, எம்எக்ஸ்-30 என்ற மின்சாரக் காரின் பேட்டரிக்கு மின்சாரம் தயாரிக்க. சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார். "ஜெனரேட்டருக்கெல்லாம் சிவப்புக் கோடு எதுக்கு?" என்பது பழைய ரோட்டரிக்காரர்களின் கேலி.

இப்போது நடக்கிற பெரிய சண்டை எஞ்சினைப் பற்றியே இல்லை. 2019இல் வந்த மாஸ்டா 3இல் தொடுதிரையை எடுத்துவிட்டார்கள். திரையைத் தொடக் கை நீட்டும்போது ஓட்டுபவர் தன்னையறியாமல் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார், வண்டி வழி மாறுகிறது என்று சோதித்து அறிந்தார்களாம். பதிலுக்கு, கியருக்குப் பக்கத்தில் திருகிப் பயன்படுத்தும் குமிழ் ஒன்றை வைத்தார்கள். உலகமே திரையைப் பெரிதாக்கும்போது இப்படிச் செய்தது பக்கா ஹிரோஷிமா வேலை. வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள், ஒரு பாட்டு மாற்ற எத்தனை திருகு என்று. பழகிய பிறகு கண் ரோட்டிலேயே இருப்பதைக் கவனித்தார்கள். 2025இல் அறிமுகமான புது சிஎக்ஸ்-5இல் குமிழையும் ஏசி பட்டன்களையும் எடுத்துவிட்டுப் பெரிய தொடுதிரை ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். இப்போது குமிழ் போயிற்றே என்று புலம்புகிறவர்களில் அன்றைக்குக் குமிழைத் திட்டியவர்கள்தான் அதிகம். என் அபிப்பிராயம், இந்தத் தடவை அவர்கள் சொல்வது சரி.