எலுமிச்சம்பழமும் உத்தரவாதப் பத்திரமும்

புது வாகனம் வீட்டுக்கு வந்தால் சில்லுகளின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பின்னரே அதனை வீதியில் ஓட்டுவது நம்மவர் வழக்கம். கண்ணூறு கழியும் என்பது நம்பிக்கை. அமெரிக்கரோ, வாங்கிய நாள் தொட்டுப் பழுதாகித் தொல்லை தரும் புது வாகனத்தையே எலுமிச்சம்பழம் என்று அழைக்கின்றனர். அவ்வாறு ஏமாந்தோரைக் காப்பதற்காக 1982ஆம் ஆண்டில் கொனெக்ரிகட் மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று; அதற்கும் எலுமிச்சைச் சட்டம் என்றே பெயர் வழங்கலாயிற்று. பழம் ஒன்றுதான், அது சில்லின் கீழே இருக்கின்றதா, மேலே இருக்கின்றதா என்பதே வேறுபாடு.

சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் இலண்டனிலுள்ள எம் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தபொழுது இவ்விரண்டையும் ஒரே முற்றத்தில் காணும் பேறு எமக்குக் கிடைத்தது.

தங்கையும் மைத்துனரும் ஏப்பிரல் 12ஆம் திகதி ஒரு காம்பர் வான் வாங்கியிருந்தனர். படுக்கை, எரிவாயு அடுப்பு, குளிர்ப்பெட்டி, சிறு கழிப்பறை யாவும் உள்ளடங்கிய நடமாடும் வீடு அது. விலை அறுபதினாயிரம் பவுணுக்கு மேல். மைத்துனர் இளைப்பாறியபொழுது கிடைத்த பணத்தின் பெரும்பகுதி அதனுள் அடங்கிற்று. ஆடம்பரத்துக்காக வாங்கியதெனக் கருதிவிடல் வேண்டா. எண்பத்திரண்டு வயதான எம் தாயார் அவர்களுடனேயே வாழ்கின்றார். ஹோட்டலில் கை நனைக்க மாட்டார். இரவில் மூன்று முறையாவது எழும்ப வேண்டியவர். மணமான புதிதில் தந்தையாருடன் அட்டனில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தவராதலால், தொலைக்காட்சியில் ஸ்கொத்லாந்து மலைகளையும் மூடுபனியையும் காணும்போதெல்லாம், "உது எங்கட அட்டன் மாதிரியே கிடக்குது" என்பார். ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லாததைக் கேட்டுக்கொண்ட மருமகன் அவருக்கு வாய்த்திருந்தார். அடுப்பும் கழிப்பறையும் கூடவே வந்தால் அம்மாவும் வரலாம் அல்லவா?

வான் வந்த அன்று நான்கு எலுமிச்சம்பழங்களைத் தாயாரே தம் கையால் வைத்தார்.

மே முதலாம் திகதி வேல்ஸ் நாட்டுக்கு ஒரு வெள்ளோட்டம் போனார்கள். அன்றிரவு மழை. கூரையிலுள்ள சாளரத்தின் ஓரத்தால் நீர் கசிந்து தாயாரின் தலையணை மேல் சொட்டிற்று. விளக்கைப் போட்டால் எரியவில்லை. வீட்டுப் பகுதிக்குரிய பற்றறி இறந்து கிடந்தது. மறுநாட் காலை விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தனர். அவர் மிக்க பண்போடு வருந்தினார். யூன் 16ஆம் திகதி வண்டியைக் கொண்டு வரும்படி கூறினார். ஆறு கிழமை! அதற்கு முன்னர் தொழிலகத்தில் இடமில்லையாம்.

இந்த ஆறு கிழமையில் மைத்துனர் கற்றுக்கொண்டதே இத்தகைய வண்டியின் முதற் பாடம். ஓர் உத்தரவாதம் என்று நாம் எண்ணுவது உண்மையில் ஒன்றன்று. அடிச்சட்டமும் எஞ்சினும் வெறும் வானும் ஒரு கொம்பனியுடையவை. அதை வாங்கிக் கூரையை வெட்டிச் சாளரம் பொருத்தி வீடாக்கியது இன்னொரு கொம்பனி. குளிர்ப்பெட்டி, வெந்நீர்க்கலன், சாளரம் ஆகியவற்றைச் செய்தோர் வேறு வேறு. ஒவ்வொருவரும் தத்தம் பகுதிக்கே பொறுப்பு. பழுதோ எப்பொழுதும் இரு பகுதிகள் சந்திக்கும் இடத்திலேதான் குடியிருக்கின்றது. கூரை ஒழுகுகின்றதா? வெட்டியவரைக் கேள் என்றது வான் செய்த கொம்பனி. சாளரத்தின் இறப்பர் காப்பைச் செய்தவரைக் கேள் என்றது வீடாக்கிய கொம்பனி.

பற்றறியின் கதை இதனினும் சுவையானது. முன்னாளில் எஞ்சினோடு சுழன்று மின்னாக்கும் ஒல்ரனேற்றர் வண்டி ஓடும் நேரமெல்லாம் ஒரே சீராக மின்னூட்டும். ஐரோப்பாவின் ஆறாம் புகை விதிகளுக்கு அமையச் செய்யப்படும் இக்கால வண்டிகள் பலவற்றில் அஃது எரிபொருளை மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. எஞ்சினுக்குரிய பற்றறி நிறைந்ததும் தன் அழுத்தத்தைத் தாழ்த்திக்கொள்ளும். ஆகவே வீட்டுப் பகுதியின் இரண்டாம் பற்றறி பட்டினி கிடவாதிருக்க இடையிலே தனியாக ஒரு மின்னூட்டி வேண்டும். அதை ஒருவர் பொருத்தவில்லை. அது வேண்டுமென மற்றவர் சொல்லவில்லை. இருவருடைய கருவிகளும் பரிசோதனையில் சரியாகவே இருந்தன. வண்டிதான் இருளில் நின்றது.

இதைக் கேட்ட தாயார், தந்தையாரின் பழைய ஒஸ்ரின் ஏ-40 காரை நினைவுகூர்ந்தார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், ஒரு சிறு போத்தற் பெற்றோலில் முடுக்கி, மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுள் அதுவும் ஒன்று. அதைத் திருத்தியவர் எந்த உத்தரவாதமும் தந்தவரல்லர். அவரும் "நாளைக்கு" என்றே சொல்வார். ஆனால் நாளைக்கு எந்த வேப்பமரத்தின் கீழ் அவரைப் பிடிக்கலாம் என்பது எமக்குத் தெரியும்.

யூலை 4ஆம் திகதி வண்டி திரும்பி வந்தது. மூட்டுப்பசை புதிதாகப் பூசியிருந்தனர். இரண்டு கிழமைக்கு மேலாக வானம் பொய்த்தது. யூலை 21இல் மழை பெய்தது. தலையணை மறுபடியும் நனைந்தது. இம்முறை அடுத்த இடம் ஒக்டோபர் நடுப்பகுதியில் என்றார் விற்றவர். ஒக்டோபரில் ஸ்கொத்லாந்துக் குளிர் எம் தாயாருக்கு ஆகாது.

நாம் போய்ச் சேர்ந்தது இந்நிலையில். மாணவரிடம் வினாவை முழுமையாக வாசியுங்கள் என்று சொல்லிப் பழகிய நாம், அந்த உத்தரவாதப் புத்தகத்தை முதலிலிருந்து வாசித்தோம். ஆண்டுதோறும் குறித்த காலத்துள் ஈரக்கசிவுச் சோதனை செய்வித்து முத்திரை பெறாவிடில் உத்தரவாதம் செல்லாது. தொழிலகத்துக்குக் கொண்டுபோகும் செலவு உடையவருடையது. கெட்டுப்போன விடுமுறைக்கு ஈடில்லை. கொழும்புக் கடைகள் சில கணினிப் பற்றுச்சீட்டின் அடியில் ஓராண்டு என்பது 350 நாட்கள் எனப் பொறிப்பதை வாசகர்கள் கண்டிருப்பர். எஞ்சிய பதினைந்து நாட்கள் எங்கே போயின என்பதைப் பஞ்சாங்கக்காரராலும் கூறவியலாது. அந்த இனத்தைச் சேர்ந்த புத்தகம்தான் இதுவும். ஆனால் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி: இவ்வுத்தரவாதம் உங்கள் சட்ட உரிமைகளைப் பாதிக்காது.

அந்த உரிமைகள் யாவை என்று புத்தகம் சொல்லவில்லை, தேடிப் படித்தோம். பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டுப் பாவனையாளர் உரிமைச் சட்டப்படி, பொருளுக்குப் பொறுப்பாளி செய்தவர் அல்லர், விற்றவரே. முப்பது நாட்களுக்குள் பழுதுள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறலாம். திருத்தித் தரும்படி கேட்டால் அத்தவணை நின்றுகொள்ளும்; பொருள் திரும்பிய பின் எஞ்சிய நாட்கள் மீண்டும் ஓடும். மைத்துனருக்கு எஞ்சியிருந்தவை ஏறக்குறையப் பத்து நாட்கள். அவைதாம் மழையில்லாத அந்த நாட்கள்! எனினும் ஒரு வழி இருந்தது. ஒரு முறை திருத்தியும் பழுது தீரவில்லையாயின், வாங்கியவர் பொருளை மறுக்கலாம். அல்லது விலையைக் குறைக்கக் கோரலாம். ஆறு மாதத்துள் தெரியும் பழுது வாங்கிய நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று நிறுவும் பாரம் விற்றவருடையது. வாகனமாயின் ஓடிய அளவுக்கு ஒரு கழிவு உண்டு.

ஆனால் சான்று? மைத்துனர் எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே பேசியிருந்தார். "நல்ல மனிசன், மச்சான். எழுத்திலை கேட்டால் நம்பிக்கை இல்லாத மாதிரி இருக்குமெல்லே?" என்றார். எமக்குச் சினம் வந்தது. அதே இடத்தில் நாமும் அப்படியே நடந்திருப்போம் என்பது நினைவுக்கு வரவே, அடங்கியது.

அப்பொழுதுதான் தாயார் தம் அறையிலிருந்த தமிழ்க் கடைக் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். மாத்திரை எடுத்த நேரம், ஏகாதசி விரதம், பேரப்பிள்ளையின் சோதனை ஆகியவற்றுக்கிடையே, மே 1: "மழை, வான் ஒழுக்கு." மே 2: "கடைக்காரனுக்கு ரெலிபோன். யூன் 16 எண்டான்." யூலை 21: "திரும்பவும் ஒழுக்கு." மைத்துனரின் கைத்தொலைபேசிக் கணக்கில் அதே நாட்களின் அழைப்புகள் இருந்தன. இரண்டையும் வைத்துக் கடிதத்தை எழுதினோம்.

அனுப்புமுன் தங்கை தயங்கினாள். ஒக்டோபரில் திருத்தினால் அடுத்த ஆண்டிலாவது வான் இருக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டால் அம்மாவை எப்படிக் கொண்டுபோவது? எவரும் விடை கூறவில்லை. தாயார்தாம், "ஒழுகிற வீட்டை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது பிள்ளை? குடுத்துவிடு" என்றார்.

விற்றவர் முதலில் மறுத்தார்; இரண்டாம் கடிதத்தின் பின் இணங்கினார். ஓடிய மைல்களுக்கெனக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தார். அக்கழிவில் ஒரு பகுதி, அவருடைய தொழிலகத்துக்குப் போய் வந்த மைல்களுக்குரியது.

சென்ற கிழமை தங்கையின் கடிதம் வந்தது. வருகிற மே மாதத்தில் ஒரு கிழமைக்கு, சமையலறையும் கீழ்த்தளக் கழிப்பறையும் உள்ள ஒரு வீட்டை ஸ்கொத்லாந்தில் வாடகைக்குப் பேசியிருக்கின்றனராம். பழைய காரில், வழியில் ஓரிரவு தெரிந்தவர் வீட்டில் தங்கிப் போவதாக எண்ணம். தாயார் கலண்டரிற் குறித்துவிட்டார். புறப்படும்போது காருக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டுமா என்று கேட்டதற்கு, "அது பழங்கார்தானே, வேண்டாம்" என்றாராம்.