கடல்ல ஜாக்பாட்... கரையில கணக்கு!

பாஸ், முதல்ல ஒரு சின்னக் கேள்வி. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்ல பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கி, பால்கோவா வாங்கிட்டு அப்படியே திரும்பி வந்தா எத்தனை கிலோமீட்டர்? போக 11, வர 11... தோராயமா 22.

கடல்ல ஒரு நாட்டோட எல்லைங்கிறதும் அவ்வளவுதான். 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர். சொகுசுக் கப்பல்ல கேசினோ இருக்கு இல்லையா... கப்பல் துறைமுகத்துல நிக்கிற வரைக்கும் அது பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். இந்த 22 கிலோமீட்டரைத் தாண்டினதும் லைட் எரியும், மெஷின் பாடும், கல்லா திறக்கும். கரையில தப்பா இருந்தது, ஒரு பால்கோவா ட்ரிப் தூரத்துல தப்பில்லாமப் போயிடுது!

இப்ப எதுக்கு இந்தக் கப்பல் கதைனு கேக்கறீங்களா? எங்க சீனியர்ஸ் கோஷ்டி ஒண்ணு கேம்பஸ்ல செலக்ட் ஆகியிருக்கு. முதல் சம்பளத்துல கப்பல் டூர் போறதுதான் அவங்க லட்சியமாம். "நீதான் புரொகிராம் எல்லாம் எழுதுவியே... அந்த ஸ்லாட் மெஷின்ல ஜெயிக்க ஏதாவது ட்ரிக் இருந்தா சொல்லுடா"னு ஒரு அண்ணன் கேட்டார். சரி, இந்த வாரம் அதையே பிரிச்சு மேஞ்சிடலாம்.

சென்னையில வந்த கப்பல்

2022 ஜூன் 4. சென்னைத் துறைமுகத்துல 'எம்ப்ரஸ்' கப்பலை முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைச்சுத் தொடங்கி வெச்சார். கார்டிலியா கம்பெனியோட கப்பல். 1990-லயே கடல்ல இறங்கின பழைய கப்பல்தான், 'நார்டிக் எம்ப்ரஸ்'னு முதல் பேர். சென்னை, விசாகப்பட்டினம், புதுச்சேரினு ரூட் போட்டாங்க. ஆனா புதுச்சேரியில கேசினோ சர்ச்சை வெடிச்சு, அந்த மாசம் கப்பலுக்கு அங்கே அனுமதி கிடைக்கலை.

இதுல இன்னொரு மேட்டர் இருக்கு. அதே ஜூன் மாசம்தான், ஆன்லைன் ரம்மியில பணத்தை இழந்து தற்கொலைனு வரிசையா நியூஸ் வந்து, நீதிபதி கே.சந்துரு தலைமையில ஒரு குழுவைத் தமிழக அரசு அமைச்சது. ஒரே மாசத்துல ஒரு பக்கம் கப்பல், ஒரு பக்கம் கமிட்டி! சூதாட்ட விஷயத்துல நம்ம ஊர் மனசு எப்பவுமே இப்படித்தான் ரெண்டா நிக்குது. 1968-ல அரசே பரிசுச் சீட்டு வித்துச்சு, 2003-ல அரசே எல்லா லாட்டரியையும் தடை பண்ணுச்சு. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போனா கேரளா லாட்டரி இன்னிக்கும் தாராளமா கிடைக்கும். எல்லை மாறினா நியாயமும் மாறும்ங்கிறது கடலுக்கு மட்டும் இல்லை, நம்ம மலைக்கும் பொருந்தும்!

நங்கூரம் போட்ட சூதாட்டம்

கப்பல் சூதாட்டம் நமக்குப் புதுசுனு நினைச்சா அதுவும் இல்லை. திருவிழாக் கூட்டத்துல ஓரமா ஒரு துணியை விரிச்சு, 'லங்கர் கட்டை' உருட்டுவாங்க, கேள்விப்பட்டிருப்பீங்க. போலீஸ் வந்தா துணியோட காணாமப் போற பார்ட்டி. லங்கர்னா என்ன தெரியுமா? நங்கூரம்! கிரீடம், நங்கூரம், சீட்டுக்கட்டோட நாலு சின்னம்னு கட்டையில ஆறு பக்கம். பிரிட்டிஷ் கடற்படை சிப்பாய்கள் கப்பல்ல ஆடின ஆட்டமும் அச்சு அசலா இதுதான்.

மூணு கட்டை வெச்சு ஆடுற ஆட்டத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சின்னத்து மேல 1 ரூபாய் கட்டறீங்க. மூணு கட்டையும் விழக்கூடிய விதம் மொத்தம் 216. அதுல 125 தடவை உங்க சின்னம் வரவே வராது, 1 ரூபாய் போச்சு. 75 தடவை ஒரு கட்டையில வரும், 1 ரூபாய் லாபம். 15 தடவை ரெண்டு கட்டையில, 2 ரூபாய் லாபம். ஒரே ஒரு தடவை மூணுலயும், 3 ரூபாய் லாபம். கூட்டிப் பாருங்க... வரவு 108, செலவு 125. ஆக 216 ரூபாய் கட்டினா 17 ரூபாய் கடைக்காரருக்கு. கிட்டத்தட்ட 8 சதவிகிதம். அவர் ஏமாத்தவே வேணாம், கட்டை நேர்மையா விழுந்தாலே போதும்!

ஸ்லாட் மெஷினும் இதே குடும்பம்தான். ஆனா ஒரு வித்தியாசம். கட்டையில எத்தனை பக்கம்னு உங்களால எண்ணிப் பார்க்க முடியும். மெஷின்ல முடியாது.

சக்கரம் சுத்தும், சிப்பு நிறுத்தும்

1890-கள்ல சான் பிரான்சிஸ்கோவுல சார்லஸ் ஃபேங்கிற மெக்கானிக் பண்ணின மெஷின்தான் இன்னிக்கு இருக்கிற ஸ்லாட்டுக்கு எல்லாம் தாத்தா. மூணு சக்கரம், சக்கரத்துக்கு 10 நிறுத்தம். 10 x 10 x 10, மொத்தம் 1,000 விதம். சக்கரத்தைப் பார்த்தாலே கணக்குப் போட்டுடலாம்.

அந்தக் கதை எல்லாம் 1984-ல முடிஞ்சு போச்சு. டெல்னஸ்ங்கிறவருக்கு அமெரிக்காவுல ஒரு பேட்டன்ட் கிடைச்சது. ஐடியா சிம்பிள். சக்கரம் எங்கே நிக்கணும்னு சக்கரம் முடிவு பண்ணாது, உள்ளே இருக்கிற சிப்பு முடிவு பண்ணும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்களுக்கு இது ஈஸியாப் புரியும். ஆடிப்பூரத் தேர் ஆடி அசைஞ்சு வரும், ஆனா எங்கே நிக்கணும்ங்கிறது முட்டுக்கட்டை போடுறவர் கையில இல்லையா? அதே மாதிரி. நீங்க பட்டனை அமுக்கின நொடியே ரிசல்ட் ரெடி. அப்புறம் சுத்துறதெல்லாம் உங்களுக்காகக் காட்டுற படம்.

இதுல எங்கே வில்லங்கம்? கண்ணுக்குத் தெரியுற சக்கரத்துல 22 நிறுத்தம் இருக்கும். சிப்புக்குள்ளே அதே சக்கரத்துக்கு 64 நிறுத்தம் வெச்சுக்கலாம். ஜாக்பாட் சின்னத்துக்கு ஒண்ணே ஒண்ணு, மிச்சமெல்லாம் வெத்து இடத்துக்கும் சில்லறைப் பரிசுக்கும். வெளியே நின்னு பார்க்கிறவன் 22 x 22 x 22, அதாவது 10,648-ல ஒரு சான்ஸ்னு நினைப்பான். நிஜம் 64 x 64 x 64, அதாவது 2,62,144-ல ஒண்ணு!

நம்பர் மண்டையில ஏறலையா? 2011 சென்சஸ்படி ராஜபாளையம் நகராட்சியில சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர், ஸ்ரீவில்லிபுத்தூர்ல சுமார் 75 ஆயிரம் பேர். கைக்குழந்தையில இருந்து கொள்ளுத்தாத்தா வரைக்கும் ரெண்டு ஊர் ஜனத்தையும் வரிசையில நிறுத்தி, ஆளுக்கு ஒரு தடவை மெஷினை அமுக்கச் சொல்வோம். கண்ணுல தெரியுற கணக்குப்படி சராசரியா 19 பேருக்கு ஜாக்பாட் விழணும். உள்ளே இருக்கிற கணக்குப்படி, ரெண்டு ஊர்லயும் ஒருத்தருக்குக்கூட விழாமப் போக 46 சதவிகிதம் சான்ஸ் இருக்கு!

"ஜஸ்ட்ல போச்சு மச்சி!"

இன்னொரு வேலை இருக்கு, அதுதான் கொடூரம். ஜாக்பாட் சின்னத்துக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் இருக்கிற வெத்து இடத்துக்கு சிப்புல நிறைய நிறுத்தம் ஒதுக்கிடுவாங்க. அதனால ஜாக்பாட் சின்னம் அடிக்கடி கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ வந்து நின்னு பல்லைக் காட்டும். "அடச்சே, ஜஸ்ட்ல போச்சு!"னு மறுபடி அமுக்குவோம். 2009-ல லூக் கிளார்க் குழுவினர் கேம்பிரிட்ஜ்ல ஆளுங்களை ஆடவிட்டு மூளையை ஸ்கேன் பண்ணிப் பார்த்தாங்க. ஜெயிக்கும்போது மூளையில விழிச்சுக்கிற சில பகுதிகள், இந்த 'ஜஸ்ட் மிஸ்'லயும் விழிச்சுக்குது. தோத்துட்டோம்னு கடுப்பா இருக்கும், ஆனாலும் இன்னொரு தடவை ஆடணும்னு தோணும். அதாவது தோல்வியையே தீனியாப் போட்டு வளர்க்குது மெஷின்.

"ரொம்ப நேரமா விழலை, இனி விழுந்தே தீரும்"னு சொல்றவங்களுக்கு: சிப்புக்கு ஞாபகசக்தியே கிடையாது பாஸ். நீங்க இதுவரைக்கும் எத்தனை விட்டீங்கன்னு அதுக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் இரக்கப்படாது.

90 சதவிகிதம்னா என்ன?

"இந்த மெஷின் 90 சதவிகிதம் திருப்பித் தருது"னு பெருமையாச் சொல்வாங்க. 1,000 ரூபாய் கொண்டுபோனா 900 மிஞ்சும்னுதானே நினைக்கிறோம்? கிடையாது. வந்த 900-ஐத் திரும்பப் போடுவோம், 810 வரும். அதையும் போடுவோம், 729. இப்படிப் பத்து சுத்து போனா சராசரியா 349 ரூபாய்தான் கையில. ஒரு ஆட்டத்துக்கு 10 ரூபாய், ஆறு செகண்டுக்கு ஒரு அமுக்குனு வெச்சா, இதுக்கு ஆகுற நேரம் சுமார் ஒண்ணே கால் மணி நேரத்துக்கும் கம்மி. அமெரிக்காவோட நெவாடா மாநிலத்துல 75 சதவிகிதத்துக்குக் கீழே போகக் கூடாதுனு விதியாவது இருக்கு. நடுக்கடல்ல அந்த விதி செல்லாது, கம்பெனியே பார்த்துப் பின்பற்றினால்தான் உண்டு.

கப்பல்ல இன்னும் சில வசதிகள். பல கப்பல்கள்ல எல்லாமே ரூம் கார்டு கணக்கு. கையில நோட்டு குறையறது தெரியாது, கடைசி நாள் பில்லுலதான் தெரியும். ராத்திரி வெளியே போகலாம்னா சுத்தி தண்ணி. ஒரு ஜோக் சொல்லட்டுமா? பெரும்பாலான கப்பல் கம்பெனிகள் தங்களோட ஊழியர்களைத் தங்களோட கேசினோவுல ஆட விடறதில்லை. கேட்டரிங் படிச்சுட்டு கப்பலுக்குப் போற நம்மூர் அண்ணன்கள் ஒரு வகையில கொடுத்து வெச்சவங்க!

சிங்கப்பூரைப் பாருங்க. 2010-ல கேசினோ திறந்தாங்க. வெளிநாட்டுக்காரருக்கு நுழைவு வரி இல்லை. சொந்தக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 100 வெள்ளி. 2019-ல அதை 150 ஆக்கிட்டாங்க. சொந்தப் புள்ளைங்க உள்ளே போயிடக் கூடாதுனு வாசல்லயே ஒரு தடுப்பு. கடை வெச்சவருக்குத் தெரியாதா சரக்கோட லட்சணம்?

பாக்கெட்டுக்குள்ளே ஒரு கப்பல்

"நான் கப்பலுக்கே போகப் போறதில்லை"ங்கிறீங்களா? கப்பல் உங்களைத் தேடி வந்துடுச்சு, செல்போன்ல.

எங்க பேட்ச் பையன் ஒருத்தன். பேர் வேணாம். "பேர் போடாம எழுதுடா, படிக்கிறவன்ல ஒருத்தனாவது யோசிப்பான்"னு அவனே சொன்னான். ராத்திரி பதினோரு மணிக்கு மேல போர்வைக்குள்ளே ஸ்லாட் ஆப். 50 ரூபாய்ல ஆரம்பிச்சு முதல் வாரம் 1,800 ரூபாய் ஜெயிச்சான். எங்க எல்லாருக்கும் புரோட்டா ட்ரீட். அடுத்த ரெண்டு மாசத்துல செமஸ்டர் ஃபீஸ் மொத்தமும் காலி. போனதைப் பிடிக்க லோன் ஆப் வேற. அவங்கம்மா மில்லுல ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து விஷயத்தைக் கேட்டவங்க, ஒரு வார்த்தை பேசாமக் காதுல இருந்த கம்மலைக் கழட்டிக் கொடுத்தாங்க. ஃபீஸ் கட்டியாச்சு. கம்மல் இன்னும் அடகுக் கடையிலதான் இருக்கு.

சட்டம் இல்லாம இல்லை. தமிழ்நாட்டுல 2022-லயே ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் வந்துச்சு. 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் ரெண்டும் திறமை ஆட்டம்னு அதுங்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்துச்சு. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் ஒரே போடாப் போட்டு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டம் எல்லாத்துக்கும் தடைச் சட்டம் கொண்டுவந்துச்சு. ஆனா ஒரு ஆப்பை மூடினா வேற பேர்ல இன்னொண்ணு முளைக்குதே... அதைத் தடுக்க வேண்டிய முட்டுக்கட்டை நம்ம கட்டைவிரல்லதான் இருக்கு.

ஆக, கேட்ட அண்ணனுக்குப் பதில்: ட்ரிக் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதை மெஷின் பண்ணினவன் ஏற்கெனவே எடுத்துக்கிட்டான்! கப்பலுக்குத் தாராளமாப் போங்க, மேல்தளத்துல நின்னு சூரிய உதயம் பாருங்க, அதுக்குக் காசு கிடையாது. மீதி இருந்தா வீட்ல கம்மல் அடகுல இருக்கானு ஒரு வார்த்தை கேளுங்க.

அப்புறம், உங்க ரூம்மேட் யாராவது ராத்திரி போர்வைக்குள்ளே வெளிச்சம் அடிச்சுட்டு, பகல்ல எல்லார்கிட்டயும் நூறு, இருநூறுனு கடன் கேட்டா, கிண்டல் பண்ணாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து பேசுங்க. 14416, இலவச மனநல உதவி எண். நீங்களே டயல் பண்ணி அவன் கையில கொடுங்க.

அடுத்த வாரம் வேற கணக்கோட வர்றேன். டாட்டா!