கொழுத்த பூனையைப் பட்டினி போடலாமா?

நெல் மூட்டைகளுக்குக் காவலாக வளர்க்கும் பூனை பாலும் சோறும் தின்று கொழுத்துவிட்டால், பசித்தால்தான் எலி பிடிக்கும் என்று சில விவசாயிகள் அதைப் பட்டினி போடுகின்றனர். இது தவறு. வயிறு நிறைந்த பூனையும் எலி பிடிக்கும். ஆனால் கொழுத்த பூனை சில நாள் தீனியின்றிக் கிடந்தால், உடற்கொழுப்பு ஈரலில் சேர்ந்து, காமாலை கண்டு இறந்துவிடக்கூடும்.

பூனை மாமிசம் உண்ணும் பிராணி. சோற்றையும் பாலையும் சிறிது சிறிதாகக் குறைத்து, உப்பு, காரம் சேர்க்காமல் வேகவைத்து, முள், எலும்பு நீக்கிய மீன் அல்லது கோழிக்கறியை இருவேளை அளவாக வைக்கவேண்டும். 6 கிலோ பூனை வாரத்திற்கு 60 முதல் 120 கிராம் குறைந்தால் போதும். ஒரு நாள் முழுதும் தீனியைத் தொடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். பட்டினி போட்டுப் பூனையை இழந்தால் லாபம் எலிக்குத்தான்.