வெயில் முதுகில் படட்டும்

வானவில்லுக்கு எத்தனை நிறம் என்று நம் ஊர்ப் பிள்ளைகளில் யாரைக் கேட்டாலும் ஏழு என்று பட்டென்று சொல்வார்கள். 'விப்ஜியார்' என்று வரிசையும் ஒப்பிப்பார்கள். சாயங்காலம் மழை விட்டதும் எந்தப் பக்கம் பார்த்தால் வானவில் தெரியும் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. பாடம் தலைகீழாக நடக்கிறது என்பது என் கருத்து. நிறங்களின் பெயர் பிறகு வரட்டும். எங்கே நின்று எப்படிப் பார்ப்பது என்பதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

விதி ஒன்றுதான். வெயில் முதுகில் பட வேண்டும், மழை முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். மல்லசமுத்திரத்தில் நிற்பவருக்குச் சாயங்கால வானவில் கிழக்கே, ராசிபுரம் பக்கம். காலை வானவில் மேற்கே, சங்ககிரி பக்கம். கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல் வருவதால் நாம் கிழக்கில்தான் அதிகம் பார்த்திருப்போம்.

இதற்குக் காரணம் மழைத்துளிதான். வெள்ளை வெயில் துளிக்குள் நுழையும்போது வளைகிறது. உள்ளே பின்சுவரில் பட்டுத் திரும்புகிறது. வெளியே வரும்போது மறுபடி வளைகிறது. ஒவ்வொரு நிறமும் கொஞ்சம் வேறு அளவில் வளைவதால் நிறங்கள் பிரிந்துவிடுகின்றன. நம் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து சிவப்பு சுமார் 42 பாகை தள்ளியும், ஊதா சுமார் 40 பாகை தள்ளியும் தெரியும். அதனால்தான் சிவப்பு எப்போதும் வெளிவிளிம்பில் இருக்கிறது. பாகையெல்லாம் எதற்கு என்பவர்கள் கையை நேராக நீட்டி விரல்களை விரித்துப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டு சாண்.

நிழலைப் பார்த்து மணி சொன்ன தலைமுறை நாம். நமக்கு இன்னொரு கணக்கும் எளிது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அந்த நேரம் வானத்தில் வானவில்லைத் தேட வேண்டாம். சூரியன் அவ்வளவு மேலே இருக்கும்போது வில் முழுவதும் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். உச்சிவேளையில் வெயிலும் மழையும் சேர்ந்து வந்தாலும் வானவில் தெரியாதது இதனால்தான்.

ஏழு என்ற எண்ணிக்கையையும் கொஞ்சம் தளர்த்திச் சொல்லலாம். வானவில்லில் கோடு போட்ட பிரிவுகள் கிடையாது, ஒரு நிறம் அடுத்ததில் கரைந்துதான் போகிறது. நியூட்டன் முதலில் ஐந்து முக்கிய நிறங்களையே சொன்னார். பிறகு இசையின் ஏழு ஸ்வரங்களோடு பொருந்தும்படி ஆரஞ்சையும் கருநீலத்தையும் சேர்த்து ஏழாக்கினார். பிள்ளை ஐந்துதான் தெரிகிறது என்றால் அதற்காகத் திட்ட வேண்டியதில்லை. அது உண்மையாகப் பார்த்திருக்கிறது.

வெயிலடிக்கும்போதே மழை பெய்தால் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். அதைக் கேலி செய்ய நான் தயாரில்லை. அந்தக் கல்யாணத்தைப் பார்க்க அவர்கள் நம்மை வாசலுக்கு இழுத்து வந்தார்கள். வெயிலும் மழையும் சேர்ந்தால் வானத்தில் விசேஷம் உண்டு என்று பழக்கினார்கள். காரணம் சொல்லத் தெரியாதவர்கள் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். காரணம் தெரிந்த நாம் பேரப்பிள்ளை கேட்டால் கைபேசியை நீட்டிவிடுகிறோம். அதில் வில்லின் படம் கிடைக்கும். வெயில் எந்தப் பக்கம், தான் எந்தப் பக்கம் என்பது பிள்ளைக்குப் புரியாது.

மழைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். காலையில் தோட்டத்தில் மோட்டார் ஓடும்போது பிள்ளையை வெயிலுக்கு முதுகு காட்டி நிற்க வையுங்கள். ஹோஸ் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தித் தண்ணீரைப் பொடித் தூறலாகப் பீய்ச்சுங்கள். சின்ன வில் ஒன்று தெரியும். பிறகு பிள்ளையைத் திரும்பி வெயிலைப் பார்த்து நிற்கச் சொல்லி அந்தப் பக்கமும் பீய்ச்சுங்கள். வில் இருக்காது. ஏன் என்று பிள்ளை கேட்கும். அப்போது துளியின் கதையைச் சொல்லுங்கள், நிறங்களின் பெயரைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம்.