படம் முக்கியமா, பறவை முக்கியமா?

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் லங்காவிக்குப் போனாலும் சரி, சிங்கப்பூரின் புலாவ் ஊபினுக்குப் போனாலும் சரி, மஞ்சள் அலகுடன் இருவாட்சி பறந்து வந்தால் கை தானாகவே கேமராவைத் தேடும். அதில் தவறில்லை. ஆனால், அருகில் அதன் கூடு இருந்தால் சற்று யோசியுங்கள்.

பெண் இருவாட்சி மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலைப் பூசி அடைத்துக்கொண்டு முட்டையிடும். சிறு இடுக்கு மட்டுமே மிஞ்சும். அதன் வழியே ஆண் பறவை ஊட்டுவதுதான் தாய்க்கும் குஞ்சுகளுக்கும் உணவு. மரத்தடியில் நாம் கூட்டமாக நின்றால், ஆண் பறவை நெருங்கத் தயங்கும். உள்ளே குஞ்சுகள் பட்டினி கிடக்கும்.

சிங்கப்பூரில் மறைந்துபோயிருந்த இப்பறவை 1994இல்தான் புலாவ் ஊபினில் மீண்டும் காணப்பட்டது. கூட்டுப் பெட்டிகள் வைத்துப் பாடுபட்டே அதைப் பெருக்கினார்கள்.

சிலர் பழம் வைத்தும் ஒலிப்பதிவைப் போட்டும் பறவைகளை வரவழைக்கிறார்கள். சிங்கப்பூரில் அனுமதியின்றி வனவிலங்குகளுக்கு உணவளிப்பது குற்றம். ஒலிப்பதிவைக் கேட்கும் பறவையோ, தன் எல்லைக்குள் எதிரி புகுந்ததாக எண்ணி வீணாக அலைகிறது.

தள்ளி நின்று, பொறுமையாகக் காத்திருங்கள். படம் சிறிதாக இருக்கலாம். பறவை தன் வேலையை விடாமல் செய்கிறதா? அதுவே நல்ல படம் என்பேன்.