எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான்!

டிராக்டர், லோடு ஆட்டோ, வேன் எதைக் கொடுத்தாலும் ஓட்டும் பிள்ளைகள் நம் காலனிகளில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். உரிமம் எங்கே என்று கேட்டால்தான் தலையைச் சொறிகிறார்கள். பலரிடம் இருப்பது, எப்போதோ எடுத்துக் காலாவதியாகிப்போன பழகுநர் உரிமம். அதாவது எல்.எல்.ஆர்.

சாதித் தெருக்களில் சைக்கிளில் ஏறிப் போகவும் தடை இருந்த மண் இது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் வைத்திருந்த தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. வண்டி ஓட்டுவதே சிலர் கண்ணை உறுத்தும் ஊரில், கையில் உரிமம் இல்லாமல் போவது நம் பக்க நியாயத்தை நாமே பலவீனமாக்குவது. சோதனையில் மறிக்கும்போது உரிமம் இல்லாதவனால் வேறு எந்த நியாயத்தையும் பேச முடியாது.

சரக்கு வண்டி, வாடகை வண்டி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019இல் நீக்கப்பட்டது. பாதிப் படிப்பில் செங்கல் சூளைக்குப் போன நம் பிள்ளைகளுக்கு அதுவரை அது பூட்டிய கதவு. இப்போது கதவு திறந்திருக்கிறது. ஆனாலும் எல்.எல்.ஆர். தேர்வு என்றதும் புரோக்கரைத் தேடுகிறோம். மத்திய விதிப்படி ஒரு வகை வாகனத்துக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய். இதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். தமிழிலேயே எழுதலாம், 60 விழுக்காடு சரியாக விடை சொன்னால் போதும். சாலைக் குறியீடுகள், விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை, ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் இருக்க வேண்டிய ஆவணங்கள் இவைதான் பாடம். ஒரு வாரம் மாலையில் உட்கார்ந்து படித்தால் போதும்.

தேர்வில் தேறியதோடு வேலை முடிந்ததென்று நினைப்பதுதான் அடுத்த சிக்கல். எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும். 30 நாள் கழிந்ததும் ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போகலாம். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் 'எல்' பலகை வேண்டும். உரிமம் உள்ளவர் உடனிருந்து கற்றுத்தர வேண்டும். சொந்த வண்டி இல்லாத வீட்டுப் பிள்ளை, பயிற்சிப் பள்ளிக்குக் கட்டப் பணமில்லாமல் நாளைக் கடத்துகிறது. ஆறு மாதம் ஓடிவிடுகிறது.

இதன் விலை பெரியது. உரிமமின்றி ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். வண்டி உரிமையாளர் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, அவரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லாவிட்டால் கிடைக்காது. தாட்கோ கடனில் வண்டி வாங்கப் போனாலும் முதலில் கேட்பது உரிமத்தைத்தான். பதினெட்டு நிறையாத பிள்ளையிடம் பைக் சாவியைக் கொடுத்து, அவன் விபத்து செய்தால், பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

அரசிடம் நாம் கேட்பது இதுதான்: ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஆண்டுக்கு இருமுறை எல்.எல்.ஆர். முகாம் நடத்துங்கள். தேறியவர்களுக்கு ஆறு மாதம் முடிவதற்குள் இலவசமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுங்கள்.

அரசு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஊர்தோறும் அம்பேத்கர் படிப்பகங்கள் இருக்கின்றன. கல்லூரி மாணவர்களே, வாரம் இரண்டு மாலை அங்கே சாலைக் குறியீடுகளைச் சொல்லிக்கொடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். யார் யாருக்கு எல்.எல்.ஆர். எந்தத் தேதியில் முடிகிறது என்று சுவரில் ஒரு பட்டியல் ஒட்டுங்கள். அந்தத் தேதிக்கு முன் ஒவ்வொருவர் கையிலும் உரிமம் இருக்கட்டும்.