நாக்கை அடக்கு!

முதுநகரில் சிதம்பரம் பஸ் ஏறினேன். ஜன்னல் சீட். ஆலப்பாக்கம் வரை சமர்த்தாக வந்த கண்ணாடி, பஸ் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டதும் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. வேகம் கூடினாலும் நின்றுவிடும், குறைந்தாலும் நின்றுவிடும். டிரைவரோ அதே வேகத்தில்தான் போவேன் என்கிறார். கண்டக்டர் வந்தார். பழைய டிக்கெட் ஒன்றை நாலாக மடித்து இடுக்கில் செருகினார். "இனிமே வராது சார்!" வரவில்லை.

எனக்கு டெல்லி ஞாபகம் வந்தது.

அங்கே இன்டர் யுனிவர்சிடி ஆக்ஸிலரேட்டர் சென்டர் என்று ஓர் ஆராய்ச்சிக்கூடம். அயனிகளைத் தள்ளித் தள்ளி வேகமேற்றுவது தொழில். தள்ளுவதற்கு நியோபியம் உலோகத்தில் 27 பாத்திரங்கள். 1990-களில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தோடு சேர்ந்து ஆரம்பித்து, பிறகு டெல்லியிலேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். கோயில் மணிக்குள் நாக்கு தொங்குமே, அதுபோல ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு குழாய். திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிரவைத்து அலையை ஊட்டினால், உள்ளே மின்புலம் விநாடிக்கு 9 கோடியே 70 லட்சம் தடவை முன்னும் பின்னும் ஆடும். 97 மெகாஹெர்ட்ஸ். நம் எஃப்.எம். ரேடியோ சங்கதிதான்.

ஊஞ்சலை நேரம் தவறித் தள்ளினால் என்ன ஆகும்? தள்ளுகிற கையே பிரேக்! அயனிக்கும் அதே கதை. 27 பாத்திரங்களும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். மெதுவாக விலகும் சுருதியை, ஒரு மடிப்புத் தகட்டை ஹீலியம் வாயுவால் அழுத்திச் சரிசெய்துவிடலாம். தொல்லை, நடுக்கம். எங்கோ பம்ப் ஓடினால்கூட நாக்கு கண்ணுக்குத் தெரியாமல் ஆடும், சுருதி தடுமாறும். இழுத்துப் பிடிக்க அதிகப்படி மின்திறனைக் கொட்ட வேண்டும். கேபிள் சூடாகும்.

டெல்லிக்காரர்கள் என்ன செய்தார்கள்? குழாய்க்குள் 4 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குண்டுகளைப் போட்டார்கள். மிளகு சைஸ். நாக்கு ஆடும்போது குண்டுகள் உரசி, அந்த ஆட்டத்தின் சக்தியைத் தின்றுவிட்டன. நடுக்கம் அடங்கியது. மின்திறன் தேவையும் கணிசமாகக் குறைந்தது.

சலங்கைக்குள் குண்டு போட்டால் சத்தம் வரும் என்பது சிதம்பரத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். குண்டு போட்டுச் சத்தத்தை அடக்கலாம் என்று தோன்ற ஒரு தனி மூளை வேண்டும்.

பஸ் சிதம்பரத்தில் நின்றது. பக்கத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம். எங்கள் கண்டக்டருக்கு ஒரு டாக்டர் பட்டம் தரலாம். ஆராய்ச்சிக் கட்டுரை ஜன்னலிலேயே செருகியிருக்கிறது!